உடம்பு அறிந்த வீடு: கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வாழ்க்கை

வாசகர்களே, தென்மேற் பருவமழை பிடித்துவிட்டால் மஸ்கெலியாப் பகுதி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. லயத்துத் தகரத்தின் மேல் மழை இறங்கும்போது, ஒரே காம்பராவுக்குள் இருக்கும் தாய் சொல்வது மகளுக்குக் கேட்பதில்லை. இரவுச் செபமாலையை எவ்வளவு உரத்துச் சொன்னாலும், மறுமொழி எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாது. அடுப்புப் புகை வெளியேற வழியின்றி வீட்டையே சுற்றி வரும். சுவரில் கை வைத்தால் ஈரம், தரையில் கால் வைத்தால் குளிர், மூன்று நாளாகக் காயாத துணியின் வாடை. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாலும், நிற்கும் இடம் லயத்துக் காம்பரா என்பதை உடம்பு ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

ஆயினும் வீடு என்றதும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் நாம் முதலில் நினைக்கிறோம். புது வீடு கட்டியவர் முகப்பைக் காட்டுவார். நாமும் முகப்பைப் பாராட்டிவிட்டு வருவோம். உள்ளே வாழ்பவர்களுடைய காதுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் பாதத்துக்கும் அந்த வீடு என்ன செய்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. 1996-ம் ஆண்டு பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் யுஹானி பல்லஸ்மா, தோலின் கண்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இக்காலக் கட்டடங்கள் கண்ணுக்கே விருந்து வைத்து மற்றப் புலன்களைப் பட்டினி போடுகின்றன என்பது அவருடைய வாதம். பல நாடுகளிலும் கட்டடக்கலை மாணவர்கள் அந்நூலைப் படித்து வருகின்றனர். அது வெளிவருவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, வாதம் எதுவும் செய்யாமல், அந்தக் காரியத்தைக் கல்லாலும் ஓட்டாலும் செய்யத் தொடங்கிய ஒருவர் நம் இலங்கையிலே வாழ்ந்தார். அவர்தான் ஜெப்ரி பாவா.

இவருக்கும் மஸ்கெலியாவுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. தொழிலைத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளுக்குள், 1959-60 காலத்தில், அப்கொட்டிலுள்ள ஸ்ட்ரெத்ஸ்பே தோட்டத்தில் துரை பங்களா ஒன்றை அவர் வடிவமைத்துக் கொடுத்தார். இத்தொடர்பைப் பற்றிப் பின்னர் பேசுவோம். முதலில் அவர் யார் என்று பார்ப்போம்.

1919-ம் ஆண்டு ஜூலை 23-ம் திகதி கொழும்பில் பாவா பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா செல்வாக்கு மிக்க வழக்கறிஞர். முஸ்லிம், ஆங்கிலேய வழிகள் கலந்த குடும்பத்தவர். தாய் பெர்தா, ஜெர்மன், ஸ்கொத்லாந்து, சிங்கள இரத்தம் கலந்த பறங்கிக் குடும்பத்திலிருந்து வந்தவர். தந்தை சீக்கிரமே இறந்துபோக, சிறுவன் ஜெப்ரி தாயின் கவனிப்பில் வளர்ந்தான். அண்ணன் பேவிஸ் பத்து வயது மூத்தவர். பிற்காலத்தில் அழகிய தோட்டங்களை அமைப்பதில் பேர்பெற்றார். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்த ஜெப்ரி, 1938-ல் கேம்பிரிட்ஜ் சென்று ஆங்கில இலக்கியம் பயின்றார். பிறகு லண்டனில் சட்டம் படித்து, 1944-ல் பாரிஸ்டர் ஆனார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, 1946-ல் தாயையும் இழந்தபின், தமக்குக் கறுப்பு அங்கி பொருந்தாது என்பதைக் கண்டுகொண்டார். வக்கீல் வேலையை விட்டுவிட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றினார். இத்தாலியில் ஓர் ஏரிக்கரை மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் எண்ணினார். அது கைகூடவில்லை. கையில் பணமும் மனதில் திட்டம் எதுவுமில்லாமையுமாக, 1948-ல் இலங்கை வந்து சேர்ந்தார். நம் பிள்ளைகளில் ஒருவன் முப்பது வயதை நெருங்கும்போது இப்படித் திரிந்தால் நாம் என்ன சொல்லுவோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

இத்தாலியில் கிடைக்காததை இலங்கையிலே உண்டாக்கிக்கொள்வோம் என்று, பெந்தோட்டைக்கு அருகில் ஏரிக்கரையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இறப்பர் தோட்டத்தை வாங்கினார். அதற்கு லுணுகங்க என்று பெயரிட்டார். உப்பாறு என்பது அதன் பொருள். சுமார் 25 ஏக்கர் கொண்ட அந்தக் காணியில் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அவர் செய்த வேலையே அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் எனலாம். ஏரி கண்ணில் படும்படி எதிரிலிருந்த குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். இறப்பர் மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, வெளிச்சம் எங்கே விழ வேண்டும், நிழல் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார். சிங்களவர் அரலிய என்றும் நம்மவர் ஈழத்தலரி என்றும் சொல்லும் மரத்தின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவை தாழ்ந்து பரந்து வளரும்படி செய்தார். தோட்டத்துக்கு நடுவே போன ஊர்ப் பாதையை மூடவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் மனமில்லை. அதனால் அந்தப் பாதை ஆழமான பள்ளத்தில் போகும்படி செய்தார். பாதையில் மாட்டு வண்டி போனாலும் மோட்டார் வண்டி போனாலும் வீட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தொடர்ச்சியான பசும்புல்தான் தெரியும்.

மற்றொரு செய்தி நமக்குப் பிடித்தமானது. தோட்டத்தில் அவர் உட்காரும் இடங்கள் பல இருந்தன. காலைக்கு ஓர் இடம், வெயில் சாய்ந்தபின் வேறோர் இடம். அவ்விடங்களில் மணிகளைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு விதமான ஓசை. எந்த மணி ஒலிக்கிறது என்பதைக் காதால் அறிந்தே, ஐயா எங்கே இருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று வீட்டுப் பணியாளர் தெரிந்துகொள்வார்கள். கோயில் மணியின் ஓசையைக் கொண்டு, இது திரிகால மணியா, மரண மணியா என்று அறியும் நம் பங்கு மக்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு தோட்டத்தைப் படமாக வரையும்போது ஓசையையும் சேர்த்து வரைய வேண்டும் என்று எண்ணிய கலைஞர்கள் மிகச் சிலரே.

தோட்டத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தவருக்கு, ஆசை மட்டும் போதாது, தொழிலும் தெரிய வேண்டும் என்று விளங்கிற்று. கொழும்பில் பழைய கட்டடக்கலை நிறுவனமான எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்பதில் எச்.எச். ரீட் என்பவரிடம் 1951-ல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரீட் இறந்துபோனார். பாவா திரும்பவும் லண்டன் சென்று, தம்மைவிட மிக இளையவர்களுடன் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்து, 38 வயதில் கட்டடக் கலைஞராக வெளியே வந்தார். ஊர் திரும்பி அதே நிறுவனத்தில் 1958-ல் பங்காளியானார். டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னர் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். பிளெஸ்னர் சென்றபின், 1960-களின் பிற்பகுதி முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பாவாவின் பங்காளியாக இருந்தவர் நம் தமிழ்ப் பொறியியலாளர் பூலோகசுந்தரம் ஆவார். பாவாவின் பெரிய கட்டடங்கள் பலவும் இக்காலத்தவை. அவர் எண்ணியது நிற்குமா, விழுமா என்று கணக்குப் பார்த்து நிற்கச் செய்தவர் இவரே. பாவாவைப் பற்றி எழுதுவோர் பலர் இப்பெயரை ஒரு வரியில் கடந்துபோவது நமக்குச் சற்று வருத்தமே.

அக்காலத்தில் படித்த இளைஞர்கள் ஐரோப்பிய மாதிரியில் தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவருமாகக் கட்டிக்கொண்டிருந்தனர். பாவாவும் தொடக்கத்தில் அப்படித்தான் கட்டினார். நமது மழை அவருக்குப் பாடம் கற்பித்தது. வெள்ளைச் சுவரில் பாசி பிடித்தது, தட்டைக் கூரை ஒழுகிற்று, கண்ணாடிக்குள் மனிதர் வெந்தனர். எனவே அவர் பழைய சிங்கள வளவுகளையும் ஒல்லாந்தர் கால வீடுகளையும் போய்ப் பார்த்தார். அங்கே பெரிய கூரை, ஆழ்ந்த தாழ்வாரம், நடுவே வானம் தெரியும் முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு முற்றத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போகும். தாழ்வாரத்தின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறிகூட இல்லாமல் வீடு மூச்சு விடும்.

கூரையே வீட்டின் தலையாய உறுப்பு என்பது பாவாவின் உறுதியான எண்ணம். பிளெஸ்னருடன் சேர்ந்து அவர் கையாண்ட முறை மிக எளியது. நெளிவுள்ள சீமெந்துத் தகடுகளை முதலில் பரப்பி, அவற்றின் மேலே நாட்டு அரைவட்ட ஓடுகளை அடுக்கினார். ஓட்டைத் தாண்டி வரும் நீரைக் கீழேயுள்ள தகடு தடுத்துவிடும். தகட்டின் மேல் விழ வேண்டிய வெயிலை ஓடு வாங்கிக்கொள்ளும். இதைவிட முக்கியமாக நாம் கருதுவது, மழையின் ஓசை மாறிவிடுகிறது. தகரத்தின் மேல் அறையும் மழை, மண் ஓட்டின் மேல் விழும்போது பேச்சைக் கெடுக்காத ஓசையாகிவிடுகிறது. அந்தத் தகடுகளில் கலந்திருந்த கல்நார் உடலுக்குக் கேடு என்பதை இன்று உலகம் அறியும். ஆகவே அதே பொருளை இன்று கையாளச் சொல்லவில்லை. இரண்டு அடுக்கு என்ற எண்ணத்தையே குறிப்பிடுகிறோம்.

கொழும்பு அல்பிரட் பிளேசில் ஏனா டி சில்வா என்ற கலைஞருக்காக 1960 முதல் 1962 வரை பாவா கட்டிய வீடு இந்த எண்ணங்களெல்லாம் ஒன்றுசேர்ந்த முதல் வீடாகும். தெருவுக்கு வெறும் மதிலைக் காட்டிவிட்டு, உள்ளே முற்றத்தைச் சுற்றி அறைகளை வைத்தார். கருங்கல் தளம், மரத்தூண், ஓட்டுக் கூரை. வீட்டில் எங்கிருந்தாலும் மரமும் வானமும் கண்ணில் படும். காலுக்குக் கல், கைக்கு மரம், காதுக்கு முற்றத்தில் விழும் மழை. இந்த வீட்டின் கதை இன்னும் விசேஷமானது. அந்தக் காணி கைமாற வேண்டி வந்தபோது, இந்நூற்றாண்டில், அவ்வீட்டைக் கல் கல்லாக, மரம் மரமாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டுபோய் மறுபடியும் கட்டினார்கள். மஸ்கெலியாவின் பழைய பட்டணத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1969-ல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய பட்டணம் தண்ணீருக்குள் போயிற்று. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய வணக்கத் தலங்களின் இடிபாடுகள் தலைகாட்டுவதையும், சனங்கள் சேற்றிலே நடந்துபோய் அவற்றைப் பார்த்து வருவதையும் நீங்கள் அறிவீர்கள். கண்ணுக்கு அங்கே மண்மேடு மட்டுமே தெரியும். அங்கே நடந்து வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கடைத்தெருதான்.

இனி, நம் வாசகர்கள் அதிகம் அறிய விரும்பும் பகுதிக்கு வருவோம். பாவாவின் தொடக்க காலப் பணிகளில் பல நம் நல்லாயன் கன்னியருக்காகச் செய்யப்பட்டவை. அயர்லாந்திலிருந்து வந்து இங்கே அச்சபையை நடத்திய மதர் குட் கவுன்சல் துணிவும் தொலைநோக்கும் உடையவர். ஏழைப் பெண்களுக்கு நெசவு கற்பிக்கும் வேலைக்கு, வண்ணங்களில் வல்லவரான பார்பரா சன்சோனியை அழைத்துவந்தவரும் இவரே. பாவாவின் நண்பர் வட்டத்தில் சன்சோனியும், ஓவியர் லக்கி சேனநாயக்கவும் முக்கியமானவர்கள். 1961-62-ல் பண்டாரவளையில் கன்னியர் மடத்துக்கான சிற்றாலயத்தைப் பாவா கட்டினார். மலைநாட்டிலேயே கிடைக்கும் கருங்கல்லைச் செதுக்கி மெருகேற்றாமல், கரடுமுரடாகவே தடித்த சுவர்களாக எழுப்பினார். கையால் தடவிப் பார்த்தால் மலையையே தடவுவது போலிருக்கும். கல் சுவர் பாட்டை விழுங்குவதில்லை. கன்னியர் பாடி நிறுத்தியபின்னும் கடைசிச் சுரம் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் போகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முன்பே, ஐரோப்பியக் கோபுரங்களின் பிரதி எடுக்காமல், நம் மலையின் கல்லாலேயே ஓர் ஆலயம் எழுந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். நம் திருவழிபாட்டை எடுத்துக்கொண்டால், அது ஐம்புலன்களையும் அழைக்கும் வழிபாடு. சாம்பிராணி மூக்குக்கு, மணி காதுக்கு, தீர்த்தம் நெற்றிக்கு, அப்பம் நாவுக்கு, முழந்தாளுக்குத் தரை. அப்படிப்பட்ட வழிபாட்டுக்குக் கட்டும் கோவிலில் நாம் இன்று என்ன செய்கிறோம்? மழைநாளில் வழுக்கும் பளபளப்பான தரை ஓடு, கண்ணைக் கூசவைக்கும் குழல்விளக்கு, பாடகர் குழுவை மூழ்கடிக்கும் ஒலிபெருக்கி. கோவில் கட்டப் பணம் சேர்த்த அன்பர்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. ஆனால் அதே பணத்தில் வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்குப் பண்டாரவளை சாட்சியாக நிற்கிறது.

கொழும்பில் புனித பிரிஜெட் கன்னியர் மடத்துக்கு 1963-64-ல் பாவா கட்டிய சிறு பிள்ளைகளின் பள்ளியும் அச்சபைக்கே உரியது. நேர்கோட்டு வகுப்பறைகளுக்குப் பதிலாக வளைந்து போகும் சுவர்களும், கிராமத்துக் குடிசையை நினைவூட்டும் பெரிய கூரையுமாக அதை அமைத்தார். குழந்தை சுவரைப் பார்ப்பதைவிட அதிகமாகத் தொட்டுத்தானே பழகுகிறது. பின்னர் ஹங்வெல்லையில், ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு விவசாயம் கற்பிக்கும் பண்ணைப் பள்ளி ஒன்றை நல்லாயன் கன்னியர் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கியபோது, அதற்கும் பாவாவே வரைபடம் கொடுத்தார். அங்கே பணம் மிகக் குறைவு. எனவே கிட்டத்திலேயே கிடைத்த கல், மரம், ஓடு ஆகிய எளிய பொருள்களைக்கொண்டு, காற்றும் வெளிச்சமும் தாராளமாக வந்துபோகும் கட்டடங்களை மரங்களுக்கிடையே அமைத்தார். செல்வந்தர் வீட்டில் அவர் கையாண்ட அதே நிழலும் அதே காற்றும் அநாதைப் பிள்ளைகளுக்கும் கிடைத்தன. பாவாவின் கட்டடங்களில் எது சிறந்தது என்று கேட்டால் பலரும் பாராளுமன்றத்தையோ ஓட்டல்களையோ சொல்வார்கள். நாம் ஹங்வெல்லையைச் சொல்லுவோம்.

இந்த இடத்தில் ஸ்ட்ரெத்ஸ்பே பங்களாவுக்குத் திரும்புவோம். துரையின் பங்களாவுக்கு ஒரு கட்டடக் கலைஞரை அழைக்கத் தோன்றிய நிர்வாகங்களுக்கு, மலைச்சரிவில் கீழே நீண்டு கிடந்த லயங்களுக்கு ஒருவரை அழைக்கத் தோன்றவில்லை. லயங்களை வெள்ளையர் காலத்தில் வரைந்தவர்கள் ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று அளந்தார்களே தவிர, அதற்குள் சமைத்து, குளித்து, பிள்ளை பெற்று, நோயுற்று, சாகும் உடம்பை அளக்கவில்லை. முதுகோடு முதுகாக ஒட்டிய அறைகளில் ஒரு பக்கக் காற்று மறுபக்கம் போக வழி ஏது? பாவாவின் பணிப் பட்டியல் மிக நீளமானது. அதில் துரை பங்களா உண்டு, லயம் இல்லை. இந்தக் குறை அவருடையது மட்டுமல்ல. கேட்டால்தானே கலைஞர் கட்டுவார்? கன்னியர் கேட்டார்கள், கட்டினார்.

இது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. அண்மைக் காலத்தில் தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச் காணியும், இந்திய உதவியுடன் 550 சதுர அடி வீடும் கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் 4,000 வீடுகள் என்று தொடங்கி, 2017-ல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. சொந்தக் காணி என்பது நம் மக்களின் வரலாற்றில் சிறிய காரியமல்ல. ஆனால் வீட்டுத் திறப்பு விழாவில் நீங்கள் நிற்கும்போது, சுவரின் வர்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கூரைக்கும் அறைக்கும் நடுவே மழையின் இரைச்சலைத் தடுக்க ஏதாவது இருக்கிறதா? விறகடுப்பு எரித்தால் புகை எந்த வழியாகப் போகும்? காலை வெயில் எந்த அறைக்குள் விழும்? கொழுந்து பறித்துவிட்டு நனைந்துவரும் பெண், ஈரச் சேலையையும் படங்கையும் எங்கே போடுவாள்? இவை ஆடம்பரக் கேள்விகளல்ல. பாவா ஒவ்வொரு காணியிலும் நின்று கேட்ட கேள்விகள் இவ்வகையானவையே. கொழும்பின் வெப்பத்துக்கு அவர் கண்ட விடையை அப்படியே மஸ்கெலியாவின் குளிருக்குக் கொண்டுவந்தால் பிழையாகும். அங்கே காற்றை அழைக்க வேண்டும். இங்கே காற்றைத் தடுத்து வெயிலை அழைக்க வேண்டும்.

பாவா வேலை செய்த முறையும் இதற்குப் பொருந்தியது. காணியில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் பாறையையும் முதலில் வரைபடத்தில் குறிக்கச் செய்வார். அவருடைய அலுவலகத்தில் வரையப்பட்ட படங்களில் மரங்கள் இலை இலையாக வரையப்பட்டிருக்கும். கட்டத் தொடங்கியபின் காணிக்கு வந்து, காகிதத்தில் தீர்மானித்ததை மாற்றவும் தயங்கமாட்டார். நிக்கவெரட்டியாவுக்கு அருகே பொலொன்தலாவ தோட்டத்தில் பங்களா கட்ட வேண்டியிருந்தபோது, அங்கே கிடந்த பிரமாண்டமான பாறைகளை வெடிவைத்து அகற்றாமல், பாறையிலிருந்து பாறைக்குச் சுவரும் கூரையுமாக வீட்டை அமைத்தார். மேசன்மாரும் தச்சர்களும் அவரிடம் ஏச்சு வாங்கியதும் உண்டு, கற்றுக்கொண்டதும் உண்டு. தம் கட்டடங்களை விளக்கிச் சொற்பொழிவாற்றுவது அவருக்குப் பிடிக்காது. போய் நடந்து பார்த்தால் தெரியும் என்பதே அவருடைய நிலை.

1967-ல் தொடங்கிய பெந்தோட்டைக் கடற்கரை ஓட்டல் அவருக்கு வெளிநாட்டிலும் பெயர் வாங்கிக் கொடுத்தது. வெயிலிலிருந்து வருபவர் முதலில் குகை போன்ற இருண்ட கல் வாயிலுக்குள் நுழைவார். கண் இருளுக்குப் பழகும்போது மேனி குளிரும். படியேறி மேலே வந்தால், ஏனா டி சில்வாவின் வண்ணத் துணிகள் பதித்த கூரையின் கீழே திறந்த முற்றமும் தண்ணீரும் இருக்கும். அதற்கு அப்பால்தான் கடல். கடலை முதலிலேயே காட்டிவிடக் கூடாது என்பது அவருடைய கணக்கு. அந்த ஓட்டல் பிற்காலத்தில் பெரிதும் மாற்றப்பட்டுவிட்டது.

தமிழகத்திலும் அவருடைய கைவண்ணம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு பெரிய நூல் ஆலைக் கம்பனிக்காக மதுரைக் கிளப்பை அவர் கட்டினார். கோயில் கட்டிய கல்தச்சர்களின் வழி வந்தவர்கள் வாழும் ஊரல்லவா? கல்லை எப்படி அடுக்குவது என்று அங்கே அவர் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கொழும்பு பேரை வாவியில் 1976-78-ல் அமைத்த சீமா மாலகம் என்ற பௌத்த தியான மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர், இறந்த தம் மகனின் நினைவாகக் கொடுத்த ஒரு முஸ்லிம் வர்த்தகர். அம்மண்டபம் தண்ணீரின் மேல் இருக்கிறது. பாலத்தைக் கடந்து உள்ளே போகும்போதே நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது.

1979-ல் புதிய பாராளுமன்றத்தைக் கட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே தீவு போன்ற மேட்டில் செப்புக் கூரைகளுடன் அதை எழுப்பினார். 1982 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. கட்டடத்தை நாம் மெச்சலாம். அதற்குள் நடந்த விவாதங்களுக்கு அவர் பொறுப்பல்ல! மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தையும் அந்தத் தசாப்தத்தில் குன்றுகளின் மேல் பரப்பி அமைத்தார்.

எழுபது வயதைத் தாண்டியபின் அவர் கட்டிய கண்டலம ஓட்டலில் இந்த வழி உச்சத்தை அடைந்தது எனலாம். முதலாளிகள் சீகிரியாக் குன்றின் அருகே இடம் பார்த்திருந்தனர். பாவா அதை ஏற்காமல், தொலைவிலுள்ள கண்டலமக் குளத்தின் மேலே ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பிக்குகளும் சுற்றாடல் ஆர்வலர்களும் குளத்துக்கும் காட்டுக்கும் கேடு வரும் என்று போராடினர். அந்தப் பயம் அர்த்தமற்றதல்ல. 1994-ல் ஓட்டல் திறக்கப்பட்டது. நுழைவு ஒரு மலைக்குகை போல. உள்ளே நடைபாதை நெடுகிலும் ஒரு பக்கத்தில் பச்சைப் பாறையே சுவராக நிற்கும். மழைக்காலத்தில் அதில் நீர் கசியும், மண் வாசனை வரும், குரங்குகள் வந்துபோகும். வெளியே கொடிகள் படர்ந்து கட்டடத்தையே மூடிவிட்டன. தொலைவிலிருந்து படம் எடுக்க வருபவருக்கு அங்கே கட்டடமே அகப்படுவதில்லை. உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் தங்கள் கட்டடம் படத்தில் எப்படி விழும் என்று கவலைப்படும் காலத்தில், இந்த முதியவர் தம் கட்டடத்தைக் காடு தின்னும்படி விட்டார்.

பட்டங்கள் பல வந்தன. 1985-ல் வித்யாஜோதி, 1993-ல் தேசமான்ய, 2001-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது. ஆனால் கடைசி விருது வந்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை. 1998-ல் கடும் பாரிசவாதம் தாக்கி, உடல் செயலிழந்து, பேச்சும் போயிற்று. வாழ்நாளெல்லாம் காலால் நடந்து அளந்தவர், கைத்தடியால் சுட்டிக் காட்டியவர், ஐந்து ஆண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழித்தார். உதவியாளராக இருந்த சன்ன தஸ்வத்தவும் நண்பர்களும் தொடங்கிய வேலைகளைத் தொடர்ந்தார்கள். வரைபடங்களைக் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டுவார்கள். தலையசைப்பைக் கொண்டு அவருடைய விருப்பத்தை அறிந்துகொள்வார்கள்.

2003-ம் ஆண்டு மே 27-ம் திகதி தமது 83-வது வயதில் ஜெப்ரி பாவா காலமானார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. லுணுகங்க இன்று ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் போகலாம். அங்கே உச்சியைத் தாழ்த்தி ஏரியைத் திறந்துவிட்ட அந்தக் குன்றின் மேல், ஒரு மரத்தின் கீழே பெரிய சீனச் சாடி ஒன்று இருக்கிறது. அதைக் கறுவாக் குன்று என்கிறார்கள். பாவாவின் சாம்பல் அந்தக் குன்றில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அங்கே நின்றால் தெற்கே ஏரியும் அதற்கப்பால் ஒரு விகாரையின் வெண்ணிறத் தூபியும் தெரியும். ஊர்ப் பாதை வழக்கம்போல் பள்ளத்துக்குள்ளே போய்க்கொண்டிருக்கும். வண்டிகள் கண்ணில் படமாட்டா. சத்தம் மட்டும் கேட்கும்.